மூட்டைக்கு மரியாதை

முதல் நாள், வெள்ளி

17ஏ சாலையோரம் என்னை இறக்கிவிட்டாள் மனைவி. காரைத் திருப்பும் முன் கண்ணாடியை இறக்கி, "இதுக்கா ஒரு வாரம் லீவு?" என்று கேட்டாள். அந்த லீவில் ஊருக்கே போய் வந்திருக்கலாம் என்று அர்த்தம். பதில் தெரியவில்லை, கையை மட்டும் ஆட்டினேன்.

அப்பலாச்சியன் ட்ரெயில் (சுருக்கமாக ஏ.டி.) ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலையில் முடிகிற காட்டுப்பாதை. சுமார் 2,190 மைல், 14 மாநிலங்கள். 1921-ல் பென்டன் மெக்கே என்பவர் எழுதிய யோசனை, 1937-ல் முழுப்பாதையாக இணைந்தது. வழி நெடுக மரங்களிலும் பாறைகளிலும் ஆறங்குல உயரத்துக்கு வெள்ளைப் பட்டை அடித்திருப்பார்கள், அதுதான் வழிகாட்டி. மொத்தத்தையும் ஒரே வருடத்துக்குள் நடப்பவரை த்ரூ-ஹைக்கர் என்கிறார்கள். ஐந்திலிருந்து ஏழு மாதம் பிடிக்கும், தொடங்குகிறவர்களில் நாலில் ஒருவர்தான் முடிக்கிறார். என்னைப் போல லீவு கிடைக்கும்போது துண்டு துண்டாக நடப்பவன் செக்‌ஷன் ஹைக்கர். இந்தத் தடவை என் துண்டு நியூயார்க் மாநிலம்: இங்கிருந்து பாலிங் பக்கத்து ரயில் நிலையம்வரை எழுபது மைலுக்குக் கொஞ்சம் மேல், ஒன்பது நாள்.

பாதைக்குப் பக்கத்திலேயே ஓர் ஐஸ்கிரீம் கடை. வரிசையில் குடும்பம் குடும்பமாக நிற்கிறார்கள். தள்ளிப் புல்தரையில் நாலு த்ரூ-ஹைக்கர்கள். ஜார்ஜியாவிலிருந்து நாலு மாதமாக நடந்து வந்தவர்கள். இருபதடி தூரத்திலேயே அவர்கள் வாசனை எனக்கு வந்துவிட்டது. பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் ஒருத்தி மூக்கை உறிஞ்சிவிட்டு, "துணி துவைத்த சோப்பு. உன்னை ஐம்பதடியிலேயே கண்டுபிடித்துவிட்டோம்" என்றாள். நாற்றம் அவர்கள் பக்கம் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

வரிசையிலிருந்து ஓர் அம்மாள் வந்து வழக்கமான கேள்விகளைக் கேட்டார். கரடி பார்த்தீர்களா? துப்பாக்கி வைத்திருக்கிறீர்களா? ராத்திரி பயமாக இருக்காதா? வீட்டில் தேட மாட்டார்களா? நாலு பேரும் கோயில் கைடு மாதிரி வரிசையாக ஒப்பித்தார்கள். அவர் சந்தோஷப்பட்டு நாலு பேருக்கும் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். என்னைப் பார்த்து, "நீங்களும் ஜார்ஜியாவிலிருந்தா?" என்றார். இல்லை, நியூஜெர்சி எடிசனிலிருந்து, இன்றைக்குத்தான் என்றேன். "ஓ" என்றார். நான் காசு கொடுத்து வாங்கிக்கொண்டேன்.

இரண்டாம் நாள், சனி

நேற்று ராத்திரி வைல்ட்கேட் ஷெல்டர். மூன்று பக்கம் மரச்சுவர், முன்பக்கம் திறந்து கிடக்கும், நம்மூர்த் திண்ணைக்குக் கூரை உயர்த்திய மாதிரி. அங்கே ஒரு நோட்டுப் புத்தகம் கிடக்கும். வந்தவர்கள் எல்லாம் அதில் எழுதிவிட்டுப் போவார்கள், பாதையில் கிடைத்த பட்டப்பெயரான ட்ரெயில் பெயரில் மட்டும். நான் இனிஷியலோடு முழுப்பெயரையும் எழுதித் தேதி போட்டேன். சோப்பு வாசனை பிடித்தவள் அதைப் படித்துவிட்டு, பாங்கில் லோன் கேட்கிறாயா என்றாள். அவள் ஒஹையோவில் நர்ஸ். வேலையை விட்டுவிட்டு நடக்கிறாள். ட்ரெயில் பெயரைக்கூட எழுதாதே என்று சொல்லியிருப்பதால் இங்கே அவள் ஒஹையோக்காரி.

இன்று பதினாலு மைல். லெமன் ஸ்க்வீசர் என்ற பாறைப் பிளவில் மூட்டையைக் கழற்றித் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் நகர வேண்டும். பெயருக்கேற்றபடி பிழிந்துதான் அனுப்புகிறது. ஓடைகள் வற்றிக் கிடக்கின்றன. சாலை குறுக்கிடும் இடங்களில் யாரோ புண்ணியவான்கள் காலன் கேன்களில் தண்ணீர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இதற்கு ட்ரெயில் மேஜிக் என்று பெயர், வைத்தவர் ட்ரெயில் ஏஞ்சல். தண்ணீர்ப்பந்தல் என்று சொன்னால் நமக்குச் சட்டென்று புரியும்.

ராத்திரி ஃபிங்கர்போர்டு ஷெல்டர். கருங்கல் கட்டடம். எல்லோரும் நூடுல்ஸ் கிண்டும்போது நான் டார்ட்டியா ரொட்டியில் இட்லிப் பொடியும் நல்லெண்ணெயும் தடவிச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அது என்ன என்றார்கள். எடிசன் ஹோட்டல் மெனுவில் எப்படிப் போட்டிருக்குமோ அப்படியே சொன்னேன்: "கன்பவுடர்," அதாவது வெடிமருந்து. டப்பா ஒரு சுற்று போய் வந்தது. ஒரு பையன் ஒரு ஸ்பூனை அப்படியே வாயில் போட்டு இருமி, கண்ணில் நீர் வழிய, "இதுதான் உன் பெயர்" என்றான். இங்கே பெயரை நாமே வைத்துக்கொள்ளக் கூடாது, அடுத்தவர்தான் வைக்க வேண்டும். பிடிக்காவிட்டால் மறுக்கலாம். நான் சிரித்துத் தலையாட்டிவிட்டேன். யோசித்திருக்க வேண்டும், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அமெரிக்காவில் இது எனக்கு முதல் ட்ரெயில் பெயரும் அல்ல. சிவசுப்பிரமணியன் இங்கே இறங்கிய முதல் வாரத்திலேயே, அவர்கள் வாய்க்கு வசதியாக ஆபீசில் 'ஷிவ்' ஆகிவிட்டான். இவர்களாவது நான் சாப்பிடுவதைப் பார்த்து வைத்தார்கள்.

மூன்றாம் நாள், ஞாயிறு

காலையில் பாலிசேட்ஸ் பார்க்வேயைத் தாண்டினோம். காட்டிலிருந்து சட்டென்று வெளியே வந்தால் நாலு தடம், கார்கள் பறக்கின்றன. பாலமில்லை, சுரங்கமில்லை, பார்த்து ஓட வேண்டியதுதான். ஒரு பலகை: நியூயார்க் நகரம் 34 மைல். இதே சாலையில் நூறு தடவையாவது கார் ஓட்டியிருக்கிறேன். இதே இடத்தில் குறுக்கே ஓடினவன் ஒருவனையாவது பார்த்த ஞாபகம் இல்லை. இன்று எனக்கு ஹாரன் அடித்தவருக்கும் சாயங்காலம் ஞாபகம் இருக்காது.

நடக்கும்போது ஒஹையோக்காரி 'யோகி' என்ற வினைச்சொல்லைக் கற்றுக்கொடுத்தாள். ஒரு கார்ட்டூன் கரடியின் பெயரிலிருந்து வந்ததாம். பிக்னிக் கும்பல் பக்கம் போய் வாய் திறந்து கேட்காமல், ஆனால் அவர்களாகவே கொடுக்கும்படி நிற்பதுதான் யோகி. கேட்டுவிட்டால் அது பிச்சை. "மூட்டையை அவர்கள் கண்ணில் படுகிற மாதிரி இறக்கிவை. வானத்தைப் பார்த்து, இன்னும் எத்தனை மைல் என்று பெருமூச்சு விடு." எங்கள் ஊரில் யோகி என்றால் யார் என்று விளக்கினேன். பிச்சைப் பாத்திரத்தோடு வாசலில் நிற்பார், அவரும் வாய் திறக்க மாட்டார் என்றேன். அப்புறம் என்ன, அதேதானே என்றாள்.

தங்களை இவர்கள் 'ஹைக்கர் ட்ராஷ்' என்று சொல்லிக்கொள்கிறார்கள், பெருமையாக. தொப்பியிலேயே எழுதி வைத்திருக்கிறான் ஒருவன். அவன் முதுகில் இருக்கும் மூட்டை முந்நூறு டாலருக்குக் குறையாது. போய்ச் சேர வீடு இருப்பவன்தான் தன்னைக் குப்பை என்று சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை, மூன்றாம் நாளிலேயே சண்டை எதற்கு.

வெஸ்ட் மவுன்டன் ஷெல்டரிலிருந்து தூரத்தில் மன்ஹாட்டன் தெரிகிறது. உண்ணி தேடிவிட்டுப் படுக்கிறேன். எள் அளவுதான் இருக்கும், கரடியைவிட அதுதான் ஆபத்து. யாரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை.

நாலாம் நாள், திங்கள், ஜூலை 4

பேர் மவுன்டன் உச்சிக்கு ஏறி, கல்படிகளில் முட்டி கெஞ்சக் கெஞ்ச இறங்கினோம். இந்தப் பாதையிலேயே முதலில், 1923-ல், திறந்த பகுதி இதுதான். கீழே ஏரிக்கரை முழுக்கச் சுதந்திர தினக் கூட்டம். அடுப்புப் புகை, ஸ்பானிஷ் பாட்டு, குஜராத்திக் குடும்பங்கள், ஓடுகிற பிள்ளைகள். குழாயில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தேன். நூறடி தள்ளி மரத்தடியிலிருந்து ஒஹையோக்காரி இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கத்தினாள்:

"கன்பவுடர்! கன்பவுடர், இங்கே வா!"

ஜூலை நாலாம் தேதி. ஆயிரக்கணக்கான ஜனம். குழாயடியில் பத்து நாள் தாடி மாதிரி நாலு நாள் தாடியோடு, பெரிய மூட்டை சுமந்த ஒரு பழுப்பு நிறத்தான். பத்தடியில் இரண்டு போலீஸ்காரர்கள். ஒருவர் திரும்பிக் கத்தினவளைப் பார்த்தார், அப்புறம் என்னை, அப்புறம் மூட்டையை. எனக்கு உள்ளங்கை வியர்த்தது. "ஏ.டி. ஹைக்கர்தானே? ஹாப்பி ஃபோர்த்" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிக்கொண்டார். அவ்வளவுதான். ஆனால் அந்த மூன்று விநாடி இருக்கிறதே!

அவளிடம் சொன்னேன். முதலில் சிரித்தாள், பிறகு சிரிப்பு நின்றது. "எனக்குத் தோன்றவே இல்லை" என்றாள். தோன்றாதுதான், தோன்ற வேண்டிய அவசியம் அவளுக்கு வந்ததில்லை. பெயரை மாற்றிவிடலாமா என்றாள். வேண்டாம், ஊருக்குள் மட்டும் கத்தாதே என்றேன்.

அப்புறம் காற்றில் கடுகு, கறிவேப்பிலை தாளித்த வாசனை வந்தது. மூட்டையைக் கண்ணில் படுகிற மாதிரி இறக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. "தம்பி தமிழா?" என்று கேட்டாயிற்று. மகன், மருமகள், இரண்டு பிள்ளைகள், மடக்கு நாற்காலியில் ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா. காரைக்குடிப் பக்கமாம், அதனால் ஆச்சி.

ஜார்ஜியா, மெய்ன், நான் நடக்கும் எழுபது மைல் எல்லாம் சொன்னேன். மகன் தயிர்சாதத் தட்டை நீட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "லே-ஆஃபா பிரதர்? கூச்சப்படாதீங்க. எங்க கம்பெனியில ஓப்பனிங் இருக்கு, ரெஸ்யூமே அனுப்புங்க." லீவில் வந்திருக்கிறேன் என்று சொன்னதை அவர் நம்பினதாகத் தெரியவில்லை. மருமகள் என் மனைவியைப் பற்றி விசாரித்தார், அதாவது வீட்டில் எல்லாம் சுமுகம்தானா என்று விசாரித்தார். பையன் கரடியைப் பற்றிக் கேட்டான்.

ஆச்சி இதுவரை பேசவில்லை. மற்றவர்கள் எல்லாம் மூட்டையையும் தாடியையும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொப்புளத்தக் குத்தி நூல் கோத்து விட்டியா?"

"இல்ல ஆச்சி, பிளாஸ்திரி போட்டிருக்கேன்."

"நூல் கோக்கணும். தண்ணி தானா வடிஞ்சிரும்." கொஞ்சம் நிறுத்தி, "என்ன வேண்டுதல்?"

"வேண்டுதல் எல்லாம் இல்ல ஆச்சி. சும்மாதான்."

"சும்மா யாரும் நடக்க மாட்டாக. எங்க வீட்டுல முப்பது வருசம் பழனிக்கு நடந்தாக. என்ன வேண்டுதல்னு எங்கிட்ட ஒருநாளும் சொன்னதில்ல. நீயும் சொல்லாத."

தைப்பூசத்துக்கு நடக்கிறவர்களை அவர் எத்தனை வருடம் வாசலில் பார்த்திருப்பார். மாலை போட்டவுடன் கணக்குப்பிள்ளையும் சாமி, கடைக்காரரும் சாமி. வழியில் யாரும் பெயர் கேட்பதில்லை, சோறும் படுக்க இடமும் கொடுப்பார்கள். ஒஹையோக்காரிக்கும் ஒரு தட்டு வந்தது. நூல் விஷயத்தை மொழிபெயர்த்தேன். நூல் வழியாகக் கிருமி உள்ளே போகும், கூடவே கூடாது என்றாள் நர்ஸ். அதை ஆச்சியிடம் மொழிபெயர்க்கவில்லை.

கிளம்பும்போது ஆச்சி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். "பாத்துப் போயிட்டு வாங்க சாமி." வந்தபோது தம்பி, நீ. போகும்போது சாமி, வாங்க. மகன் சங்கடமாகச் சிரித்தார்.

அங்கிருந்து பாதை நேராக ஒரு மிருகக்காட்சி சாலைக்குள் போகிறது. நிஜமாகவே. மொத்தப் பாதையிலும் தாழ்வான இடம் இங்கேதான், கடல் மட்டத்திலிருந்து 124 அடி, கரடிகள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில். ஒரு குழந்தை கரடியைப் பார்த்தது, திரும்பி எங்களைப் பார்த்தது, மறுபடி கரடியைப் பார்த்தது. "இவங்க யாரு?" என்று அப்பாவைக் கேட்டது. "காட்டுல இருக்கிறவங்க" என்றார் அவர். நான் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மென்பொருள் எழுதுகிறவன். திருத்தவில்லை.

ஹட்சன் ஆற்றுப் பாலம் தாண்டிக் கூடாரம். தூரத்தில் வாணவேடிக்கைச் சத்தம். "உன் பெயரைத்தான் சொல்கிறார்கள்" என்றாள் பக்கத்துக் கூடாரத்திலிருந்து.

ஐந்தாம் நாள், செவ்வாய்

மூன்று மைலோடு நிறுத்தியாயிற்று. கிரேமூர் என்ற இடத்தில் பிரான்சிஸ்கன் துறவிகள் தங்கள் விளையாட்டு மைதானத்தில் நடைக்காரர்களைத் தங்க விடுகிறார்கள். குளிக்கக் குழாய் உண்டு, பச்சைத் தண்ணீர், அமிர்தம்.

இந்த மடம் நடைக்காரர்களுக்காக ஆரம்பித்தது இல்லை. 1909-லிருந்தே வேலையும் வீடும் இல்லாமல் சாலையில் திரிந்தவர்களை உள்ளே சேர்த்துக்கொண்ட இடம். ஸ்தாபகர் பால் வாட்சன் பாதிரியார் அவர்களை நாடோடி என்றோ பிச்சைக்காரர் என்றோ கூப்பிடாமல், வந்தவரை எல்லாம் 'பிரதர் கிறிஸ்டோபர்' என்றாராம். அந்த விடுதி இன்றும் குடிப்பழக்கத்திலிருந்து மீள்கிறவர்களுக்காக நடக்கிறது. மைதானத்தில் நாங்கள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். மேட்டில் அந்த விடுதி. இரண்டு பக்கத்தையும் தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு வித்தியாசம் சொல்லக் கஷ்டம்.

ஆறாம் நாள், புதன்

எந்த ஊர் என்று எழுதவில்லை. பாதையை விட்டு அரை மைல் உள்ளே ஒரு கடை. மூட்டையையும் ஊன்றுகோல்களையும் வெளியே மரத்தடியில் ஒஹையோக்காரியிடம் விட்டுவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். கையில் பர்ஸ் கிடையாது. எல்லா ஹைக்கரையும் போல ஒரு ஜிப்லாக் பை, அதற்குள் கசங்கின நோட்டும் கார்டும். சட்டையில் உப்புப் பூத்திருந்தது. கல்லாவில் இருந்தவர் நான் நுழைந்ததிலிருந்து கண்ணெடுக்கவில்லை. கழிப்பறை எங்கே என்றேன். "ரிப்பேர்." பாத்ரூம் கதவிலிருந்து அப்போதுதான் ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். இருவரும் அவரைப் பார்க்காத மாதிரி இருந்தோம்.

வெளியே வந்து சொன்னேன். அவள் தன் மூட்டையோடு உள்ளே போனாள், சாவியோடு வந்தாள். என்னைவிட அவள்தான் நாறினாள், அதில் சந்தேகமே இல்லை. நிறமா, பெண் என்பதா, மூட்டையா? எனக்குள் இருக்கும் டெஸ்டர் விடவில்லை. ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கலாமென்று மூட்டையை மாட்டிக்கொண்டு, கோல் இரண்டையும் தட்டிக்கொண்டு மறுபடி உள்ளே போனேன். அதே மனிதர். "ஓ, ஹைக்கரா! முதலிலேயே சொல்லக் கூடாதா?" ஃபோனைச் சார்ஜ் போட இடம் காட்டினார், பாட்டிலில் ஐஸ் நிரப்பிக் கொடுத்தார், மெய்ன் வரைக்குமா என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "அந்தப் பக்கம்தான்" என்றேன். வடக்கே போவது பொய்யில்லையே.

முதல் தடவை போனவனுக்கும் சிறுநீர் முட்டிக்கொண்டுதான் இருந்தது.

எம்மா கேட்வுட் ஞாபகம் வந்தது. 1955-ல், 67 வயதில், ஒரே வருடத்தில் இந்தப் பாதை முழுவதும் தனியாக நடந்த முதல் பெண். பதினொரு பிள்ளை பெற்றவர். கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். காலில் கேன்வாஸ் ஷூ, தோளில் தானே தைத்த துணிப்பை. வழியில் சிலர் சோறு போட்டுப் படுக்கை கொடுத்தார்கள், சிலர் கதவைச் சாத்தினார்கள். தோளில் பையோடு வாசலில் நிற்கும் கிழவியை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது. அவருக்கும் முன்னால், 1948-ல் முதன்முதலாக முழுதும் நடந்த ஏர்ல் ஷேஃபரைப் பாதையைப் பராமரிக்கிறவர்களே முதலில் நம்பவில்லை. போரிலிருந்து திரும்பி, அந்தப் போரை உடம்பிலிருந்து நடந்தே இறக்கப் போனவர் அவர்.

ஏழு, எட்டு: வியாழன், வெள்ளி

மழை, சேறு, கொசு. நியூக்ளியர் லேக் என்ற ஏரியின் பக்கத்தில் கன்பவுடர் என்ற ஆளை நிறுத்திப் புகைப்படம் எடுத்தார்கள். எடிசனுக்கு அனுப்பினேன். "குளிச்சியா?" என்று பதில் வந்தது. டோவர் ஓக் என்னும் பெரிய மரத்தடியில் பத்து நிமிடம். வேறு விசேஷம் இல்லை.

ஒன்பதாம் நாள், சனி

சதுப்பு நிலத்தின் மேல் நீண்ட பலகைப்பாதை, அதன் முடிவில் சாலை, சாலையோரம் தண்டவாளம். அப்பலாச்சியன் ட்ரெயில் என்றே பெயர் வைத்த ரயில் நிலையம். நிலையம் என்றால் ஒரு கட்டில் அளவு மரமேடை, ஒரு பெஞ்ச். வாரக்கடைசியில் மட்டும்தான் வண்டி நிற்கும்.

ஒஹையோக்காரி கனெக்டிகட் பக்கம் போகிறாள். உன் நிஜப்பெயரைச் சொல்லு என்றாள். சொன்னேன். வெட்டவில்லை, மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள், மூன்றாவது தடவை 'சுப்பிரமணியன்' கிட்டத்தட்ட வந்துவிட்டது. அவள் பெயரையும் சொன்னாள். ரொம்பச் சாதாரணமான பெயர், அவளுக்குப் பொருந்தவே இல்லை.

ரயிலில் என்னைச் சுற்றி ஆறு இருக்கை காலி. சவுத்ஈஸ்டில் வண்டி மாறினேன், அங்கேயும் ஆறு காலி. கிராண்ட் சென்ட்ரலில் இறங்கி பென் ஸ்டேஷனுக்கு நடந்தேன். வெள்ளைப் பட்டை இல்லாத ஊர், இரண்டு தடவை திரும்பும் இடம் தப்பியது. எடிசன் வண்டிக்கு ஐம்பது நிமிடம் இருந்தது. உட்கார இடமில்லை. சுவரோரம் தரையில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி, மூட்டையில் தலை வைத்துக் கண்ணை மூடிவிட்டேன்.

விழித்தபோது முழங்காலுக்குப் பக்கத்தில் தரையில் காகிதத்தில் சுற்றிய பாதி சாண்ட்விச் இருந்தது. மேலே மடித்த நாப்கின். வைத்தவரைக் காணவில்லை. எனக்கு ரெண்டடி தள்ளி, அதே சுவரோரம், மூன்று பிளாஸ்டிக் பைகளோடு ஒரு பெரியவர். அவருக்குப் பக்கத்தில் மீதிப் பாதி. அவர் சாப்பிட ஆரம்பித்துவிட்டிருந்தார். என்னைப் பார்த்து, சாப்பிடு என்பதுபோல் முகவாயை அசைத்தார்.

வான்கோழிக் கறி, சப்பென்று இருந்தது. டப்பாவில் ஒட்டிக்கொண்டிருந்த பொடியைத் தட்டித் தூவிக்கொண்டேன். அவரும் காகிதத்தை நீட்டினார்.